கோணல் நடை

வணக்கம் நேயர்களே. பறவை பார்ப்பது பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். "பத்து நிமிடத்தில் இவரை நிறுத்துவதுதான் அவர்களுக்குப் பாடு" என்று என் மனைவி சிரித்தாள். அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலரைக்கு இராமநாதபுரத்தில் பைக்கை எடுத்தேன். பாம்பன் பாலம் தாண்டும்போது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. தனுஷ்கோடி சாலையில் போய், கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் பாதையில் திரும்பினேன். பாதைக்கு இரண்டு பக்கமும் முழங்காலளவு தண்ணீர், சேறு, உப்பு வாடை. வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் எழாத இடைவெளி அது. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. இங்கே ஒரு பக்கத்துக் கடலை ஆண்கடல் என்றும் மறுபக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். மன்னார் வளைகுடா ஆண், பாக் நீரிணை பெண். 1964 டிசம்பரில் அடித்த புயலில் ஊரே போனது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் ஊர் போன இடத்துக்குப் பறவைகள் வருவதை நிறுத்தவில்லை.

வசந்தம் என்றால் பறவைகள் வரும் காலம் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது சரி. நம் கரையில் கதை தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் வந்தவை பங்குனியில் மூட்டை கட்டுகின்றன. கிளம்புவதற்கு முன்னால்தான் அவை புது உடுப்பு போட்டுக்கொள்ளும். மணல் உப்புக்கொத்தி என்று ஒரு சின்னப் பறவை, கைக்குள் அடங்கிவிடும். தை மாதத்தில் பார்த்தால் சேற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, அப்படி ஒரு சாம்பல். பங்குனியில் பாருங்கள், நெஞ்சில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. இமயத்துக்கு அப்பால் திபெத் மேட்டுநிலத்திலும் அதற்கு வடக்கிலும் கூடு கட்டுகிற இனம். அந்தத் தூரம் பறக்கத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றில் கிடக்கும் புழுவிலும் பூச்சியிலும்தான் சேர்க்க வேண்டும். நாலு அடி ஓடும், நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

ஆனால் அன்றைக்கு நான் இதைப் பார்க்க வரவில்லை. எல்லாரையும் போலப் பூநாரைக்காகத்தான், அதாவது பிளமிங்கோவுக்காகத்தான் வந்தேன்.

பூநாரையைக் கொக்கு என்று கூப்பிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, செங்கால் நாரை என்று எழுதுகிறவர்கள் மேல் கொஞ்சம் உண்டு. அது வேறு பறவை. பூநாரை தலையைக் கவிழ்த்துப் போட்டுச் சாப்பிடும். மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. வாய்க்குள் தண்ணீரை இழுத்து, நாக்கால் வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சீப்பில் நுண்ணுயிர்களும் சின்ன இறால்களும் தங்கிவிடும். அந்தச் சாப்பாட்டில் உள்ள நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. இளசுகள் அழுக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். குஜராத்தின் கட்ச் உவர்வெளியில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகிற பறவை இது.

அன்றைக்கு ஒரு நூற்றைம்பது இருக்கும். வெகு தூரத்தில், ஒரே வரிசையில். நான் பாதையை விட்டு இறங்கி அவற்றை நோக்கி நேராக நடந்தேன். இருபது அடி நடந்திருப்பேன், வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. இன்னும் பத்து அடி, மொத்த வரிசையும் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தது. நின்றால் அவையும் நின்றன. நடந்தால் நடந்தன. தண்ணீருக்குள் பேரம் பேசுவதுபோல அரை மணி நேரம் போனது.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர், எனக்கும் பூநாரைக் கூட்டத்துக்கும் இருந்த தூரத்தில் பாதிகூட இல்லாமல், அவற்றுக்குக் கிட்டத்திலேயே நடந்து போகிறார். ஒரு தலைகூட நிமிரவில்லை. கரைக்கு வந்தவரிடம் கேட்டேன். "நீங்க அதைப் பாத்துக்கிட்டே நேரா போறீக. நான் வலையைப் பாத்துக்கிட்டுக் கோணலாப் போறேன். எனக்கு அது வேணாம்னு அதுக்குத் தெரியுமில்ல" என்றார். பத்து வருடமாகக் கேமராவும் கையுமாக அலைகிறேன். இதை எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

சரி என்று கோணலாக நடந்தேன். பூநாரைக்கு வலப்பக்கம் எங்கோ போகிறவன்போல, தரையைப் பார்த்தபடி. பிறகு ஒரு சேற்று மேட்டில் அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன். பாதையில் சங்குமாலைக் கடை போட வந்த அம்மா பதறிப்போய், "என்னண்ணே, விழுந்துட்டீகளா?" என்று குரல் கொடுத்தார். கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

படுத்து எடுப்பவர்களுக்கு ஒரு தகவல். முக்காலி சேற்றில் புதையும். அதற்குப் பதில் பழைய கால்சட்டையில் ஒரு காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே ஏதாவது நிரப்பி, லென்சுக்குத் தலையணையாக வைக்கலாம். நான் முதலில் பச்சைப்பயறு நிரப்பினேன். ஒருமுறை தண்ணீரில் நனைந்துவிட்டது. மூன்றாம் நாள் பையைத் திறந்தால் நல்ல முளைப்பயறு. இப்போது பிளாஸ்டிக் மணி.

அரை மணி நேரம் அசையாமல் கிடந்தேன். பூநாரைகள் தாமாகவே என் பக்கம் மேய்ந்து வந்தன. இருந்த இடத்திலேயே காலால் சேற்றை மிதித்து, மிதித்த இடத்தைச் சுற்றியே அலகை ஓட்டுவது தெரிந்தது. வெள்ளை வெளிறிப்போகாமல் ஒளியளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு நாற்பது ஐம்பது படம் எடுத்திருப்பேன். அதற்குள் என் முழங்கைக்கு ஐந்தடி தூரத்தில் ஓர் உப்புக்கொத்தி ஓடி வந்து நின்றது. செங்கல் நெஞ்சு. என் லென்சு அவ்வளவு கிட்டத்தில் குவியாது. படமே இல்லை. சேற்றிலிருந்து நூல்போல ஒரு புழுவை இழுத்தது. புழு நீண்டது, நீண்டது, அறுந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்தேன். அறுபடவில்லை. விழுங்கிவிட்டு ஓடியது.

எட்டரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. நாலைந்து இளைஞர்கள், இரண்டு பேரிடம் கேமரா. "பறக்கிற மாதிரி எடுக்கணும்டா" என்றான் ஒருவன். இன்னொருவன் கைதட்டினான். அவ்வளவுதான். பூநாரை சட்டென்று எழ முடியாத பறவை, தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் எழும்பும். நூற்றைம்பதும் ஓடின. சிறகு விரிந்ததும் உள்ளே குங்குமச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கூடவே, யாரும் கவனிக்காத உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன. திபெத்துக்குச் சேர்த்து வைத்த கொழுப்பில் ஒரு பங்கு கோயிலைச் சுற்றிச் செலவாயிற்று.

நான் எழுந்து போய்த் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. என் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்குகிறது, பறக்கும் பூநாரைகள். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் எடுத்தது. கைதட்டியது என் அக்கா மகன். தட்டச் சொன்னது நான். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைத்தான் பாராட்டுகிறார்கள்.

அந்த இளைஞர்களிடம் பெரியவர் சொன்னதை மட்டும் சொன்னேன். ஒருவன் சிரித்தான். ஒருவன் கோணலாக நடந்து பார்த்தான். ஆனால் அதற்குள் கானல் எழுந்துவிட்டது. ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்மேல் காற்று நடுங்க ஆரம்பித்தால் எந்த லென்சும் உதவாது.

இந்தப் பகுதியை 2025 ஜூன் மாதம் அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது, 524 ஹெக்டேருக்குச் சற்று மேல். நல்ல காரியம். ஆனால் தண்ணீருக்கு வேலி போட முடியாது.

திரும்பும் வழியில் சாயங்காலம் சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பக்கம் போனேன். நம் ஊர் விளிம்பிலேயே இருக்கிறது, 2025-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே கரையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

சித்திரை கடைசியில் இன்னொரு முறை கோதண்டராமர் கோயில் பக்கம் போனேன். கச்சான் எழுந்து மணல் முகத்தில் அடித்தது. உப்புக்கொத்திகள் எல்லாம் போய்விட்டன, நாலைந்து சாம்பல் நிறத்தவை மட்டும் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தன. போன வருடம் பிறந்தவை. முதல் கோடையில் இவற்றில் பல ஊர் திரும்புவதில்லை, நம் கரையிலேயே தங்கிவிடும். கொஞ்ச தூரத்தில் பெரியவர் வலை வீசிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் நேராக நடக்க ஆரம்பித்து, பாதியில் ஞாபகம் வந்து, கொஞ்சம் திரும்பி நடந்தேன்.