கீத் கேரடைன்: பாட்டுக்குள் ஒரு நடிப்பு

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

நடிகர் ஒருவர் பாடவும் செய்தார், பாட்டும் கட்டினார் என்றால், அதைக் கூடுதல் திறமையாகக் கருதிப் பாராட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அமெரிக்க நடிகர் கீத் கேரடைனை அப்படிக் கடந்துபோக முடியாது. அவருடைய நடிப்பின் உச்சமே அவர் எழுதி, மெட்டமைத்து, பாடிய ஒரு பாட்டுக்குள்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

1949-இல் கலிபோர்னியாவில், ஜான் கேரடைன் என்னும் புகழ்பெற்ற நடிகருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். 1969-இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 'ஹேர்' இசை நாடகத்தில் நடித்தார். 1971-இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' படத்தில், தொங்குபாலத்தின் மேல் காரணமே இல்லாமல் சுட்டுக் கொல்லப்படும் வெள்ளந்தி இளைஞனாக வந்தார். சிறிய வேடந்தான், ஆனால் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

அதே ஆல்ட்மன் இயக்கி 1975-இல் வந்த, பாடகர்களைச் சுற்றி நடக்கும் 'நாஷ்வில்' படத்தில்தான் அவருக்குள் இருந்த பாட்டுக்காரர் முழுமையாக வெளிப்பட்டார். நடிகர்கள் பலர் தாங்கள் பாடும் பாட்டைத் தாங்களே எழுத இடங்கொடுத்த ஆல்ட்மன், அவற்றைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடவைத்துப் பதிவு செய்தார். கேரடைன் ஏற்ற டாம் என்னும் பாத்திரம், பெண்களின் மனத்தை வென்றுவிட்டு அடுத்த நாளே மறந்துவிடும் பாடகன். ஓர் இரவு விடுதி மேடையில், கிதாரோடு தனியே அமர்ந்து, இங்கே வந்திருக்கக்கூடிய ஒருவருக்காக இதைப் பாடுகிறேன் என்று சொல்லித் தொடங்குகிறான். அவையில் இருக்கும் நான்கு பெண்களுக்கு அந்தச் சொல் போய்ச் சேர்கிறது. கேமராவோ பின்வரிசையில் அசையாமல் அமர்ந்திருக்கும், அவர்களில் ஒருத்தியாக நடித்த லிலி டாம்லினின் முகத்தை மெல்ல மெல்ல நெருங்குகிறது. 'ஐ'ம் ஈசி' என்ற அந்தப் பாட்டில் அவன் தன்னையே காதலுக்கு வசப்பட்டுப்போன எளியவனாகக் காட்டிக்கொள்கிறான். மெட்டில் உண்மையான கனிவு இல்லாதிருந்தால் அந்தப் பெண்கள் ஏமாளிகளாகத் தெரிந்திருப்பார்கள். கனிவு அவன் முகத்திலும் இருந்திருந்தால் டாம் நல்லவனாகிவிடுவான். ஆகவே மெட்டைக் குழைவாக அமைத்த கேரடைன், முகத்தை மட்டும் எட்டவே வைத்திருந்தார். வேறொருவர் எழுதித் தந்த பாட்டில் இந்த அளவு கிடைத்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. படத்தின் இறுதியில், துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் கலங்கி நிற்கும் கூட்டத்துக்கு நடிகை பார்பரா ஹாரிஸ் பாடுவதும் கேரடைன் எழுதிய பாட்டுதான்.

ஐந்து ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அந்தப் படத்துக்கு 1976-இல் கிடைத்தது, 'ஐ'ம் ஈசி'க்கான சிறந்த பாடல் விருது ஒன்றே. அமெரிக்காவில் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் அது 17-ஆம் இடம்வரை உயர்ந்தது. இரண்டு இசைத்தொகுப்புகள் வெளியிட்டபோதும், கேரடைன் நடிகராகவே வாழத் தீர்மானித்தார். 1991-இல் 'வில் ராஜர்ஸ் ஃபாலீஸ்' இசை நாடகத்தில் பாடியாடி நடித்து, நாடகத்துக்கான டோனி விருதுக்குப் பரிந்துரை பெற்றார்.

2004-இல் 'டெட்வுட்' தொலைக்காட்சித் தொடரில், பழைய அமெரிக்க மேற்கின் புகழ்பெற்ற துப்பாக்கி வீரரான வைல்ட் பில் ஹிக்காக்காக வந்தபோது அவர் கையில் கிதார் இல்லை. ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளிகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தாளம் அறிந்தவர் அளந்து விட்டது. நான்காம் பகுதியில், சீட்டாட்ட மேசையில், பின்னாலிருந்து சுடப்பட்டு ஹிக்காக் சாய்கிறார்.