தக்காளிக் கடையில் நான் கொடுத்த திருமணச் சம்மதம்: ஸ்பானிய மொழியின் லோ, லா, லோஸ், லாஸ்

வணக்கம். ஸ்பானிய மொழியில் செயப்படுபொருளுக்கு மாற்றாக வரும் சிறு சொற்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன். மே என்றால் என்னை, தே என்றால் உன்னை, நோஸ் என்றால் எங்களை. லோ, லா, லோஸ், லாஸ் ஆகிய நான்கும் அவனை, அவளை, அதை, அவர்களை, அவற்றை என்ற பொருள்களைப் பகிர்ந்துகொள்கின்றன. நண்பர்கள் பலரிடம் பேசும்போது ‘உங்களை’ என்பதற்கு ஸ்பெயினில் மட்டும் ஓஸ் என்ற சொல்லும் வழங்குகிறது. பட்டியல் இவ்வளவுதான், ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம். நானும் செய்திருந்தேன். ஆனாலும் மாட்ரிட் நகரில் ஒரு காய்கறிக் கடையில் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது.

அரைக் கிலோ தக்காளி கேட்டேன். கடைக்காரர் ஒரு பழத்தை விரலால் அழுத்திப் பார்த்தபடி, ‘லோஸ் கியேரே பாரா என்சலாதா?’ என்றார். ‘சாலட்டுக்காகவா வேண்டும்?’ என்பது கேள்வி. நான் மிகுந்த தன்னம்பிக்கையுடன் ‘சி, கியேரோ’ என்றேன். எனக்குப் பின்னால் நின்ற மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து, ‘தேதியை எப்போது குறிக்கலாம்?’ என்று கேட்டார். ஸ்பெயினில் மணமக்கள் திருமணச் சடங்கில் சம்மதம் தெரிவிக்கும் சொற்களே ‘சி, கியேரோ’ என்பதை அன்றுதான் அறிந்தேன். நான் சொல்லியிருக்க வேண்டியது ‘சி, லோஸ் கியேரோ பாரா என்சலாதா’. அந்த ‘லோஸ்’ என்ற ஓரசை விடுபட்டதால் தக்காளி மறைந்து, கல்யாணம் வந்து நின்றது.

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அதற்கு அங்கே தேவை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. காரணம் நம் தமிழ்தான். ‘சாவியை எங்கே வைத்தாய்?’ என்று அம்மா கேட்டால் ‘மேசையில் வைத்தேன்’ என்போம். ‘நான்’ என்ற எழுவாயும் இல்லை, ‘அதை’ என்ற செயப்படுபொருளும் இல்லை. ஆனாலும் கேட்பவருக்குக் குறையேதும் தெரிவதில்லை. ஸ்பானிய மொழியிலும் எழுவாயை விட்டுவிடலாம், ஏனெனில் தமிழைப் போலவே யார் செய்தார் என்பதை வினையின் ஈறே காட்டிவிடுகிறது. அந்த ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்து, செயப்படுபொருளையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். அங்கேதான் இடறி விழுகிறோம். சாவிகளைப் பற்றிய கேள்விக்கு ஸ்பானிய விடை ‘லாஸ் பூசே என் லா மேசா’. அதாவது ‘அவற்றை மேசையில் வைத்தேன்’. ‘பூசே என் லா மேசா’ என்று நிறுத்தினால், எதை வைத்தாய் என்று காத்திருப்பார்கள். (மேசா என்ற சொல் உங்கள் காதில் தமிழாகவே ஒலித்திருக்கும். நம் மேசையும் சாவியும் போர்த்துகீசியர் வழியாக வந்தவை; அந்தப் போர்த்துகீசியச் சொற்கள் ஒவ்வொன்றும் அதற்கு இணையான ஸ்பானியச் சொல்லும் (மேசைக்கு மேசா, சாவிக்கு யாவே) ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை.)

அப்படியானால் எல்லா இடத்திலும் லோ, லா போட வேண்டுமா என்றால், வேண்டாம். ‘கொம்ப்ராஸ்தே லேச்சே?’ என்று கேட்டால் ‘சி, கொம்ப்ரே’ என்றாலே போதும். ‘கொம்ப்ராஸ்தே லா லேச்சே?’ என்று கேட்டால் மட்டும் ‘சி, லா கொம்ப்ரே’ என்று சொல்ல வேண்டும். இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். முதலாவது ‘பால் வாங்கினாயா?’, இரண்டாவது ‘பாலை வாங்கினாயா?’, அதாவது நாம் ஏற்கெனவே பேசி வைத்திருந்த அந்தப் பாலை. பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்த வேறுபாட்டை நம் ‘ஐ’ உருபு எப்போதோ நமக்குப் பழக்கிவிட்டது. ஆகவே பொருள்களைப் பற்றிய பேச்சில் நான் கைக்கொள்ளும் சோதனை இதுதான்: கேள்வியைத் தமிழில் நினைக்கும்போது ‘ஐ’ தானாக வந்து ஒட்டிக்கொண்டால், ஸ்பானிய விடையில் லோ, லா, லோஸ், லாஸ் ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும், ‘ஐ’ இல்லாமலே வாக்கியம் இயல்பாக ஒலித்தால், பெரும்பாலும் விட்டுவிடலாம். இது இலக்கண நூலில் உள்ள விதியன்று, என் சொந்தக் கணக்கு; ஆனால் பத்தில் ஒன்பது முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்த தொல்லை பால்; குடிக்கும் பால் அன்று, ஆண்பால் பெண்பால் என்னும் பால். நமக்குச் சாவியும் தக்காளியும் அஃறிணை. ‘அதை’ என்றால் முடிந்தது. ஸ்பானிய மொழியில் சாவி பெண்பால், தக்காளி ஆண்பால். எதற்கும் ‘லோ’ போட்டுத் தப்பித்துவிடலாம் என்ற ஆசை நமக்கு வரும்; எனக்கு இன்றும் வருகிறது. தண்ணீரில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ‘எல் அகுவா’ என்று ஆண்பாற் சொற்களுக்குரிய ‘எல்’ முன்னால் நிற்பதால் அதை ஆண்பால் என்று எண்ணிவிடுகிறோம். அழுத்தம் பெற்ற அகரத்தில் தொடங்குவதால் மட்டுமே அங்கே ‘எல்’ வருகிறது. அகுவா பெண்பாற் சொல்லே. ஆகவே ‘அதைக் குடித்தேன்’ என்பதற்கு ‘லா பெபீ’ என்றே சொல்ல வேண்டும்.

இடம் பற்றிய விதி நமக்கு எளிது. ‘லோ வேயோ’ என்றால் ‘அதைப் பார்க்கிறேன்’. தமிழில் போலவே செயப்படுபொருள் முன்னால், வினை பின்னால். ‘அதை வாங்கப் போகிறேன்’ என்பதை ‘லோ போய் ஆ கொம்ப்ரார்’ என்றும் சொல்லலாம், இறுதியில் ஒட்டி ‘போய் ஆ கொம்ப்ரார்லோ’ என்றும் சொல்லலாம். நடுவில் செருகி ‘போய் ஆ லோ கொம்ப்ரார்’ என்று மட்டும் சொல்லக்கூடாது. (‘போய்’ என்றால் அங்கே ‘போகிறேன்’ என்று பொருள். முற்றிலும் தற்செயல்தான் என்றாலும், மறக்க முடியாத தற்செயல்.) ஏவலில் மட்டும் கவனம் தேவை: ‘கொம்ப்ராலோ’ என்றால் ‘அதை வாங்கு’, ‘நோ லோ கொம்ப்ரேஸ்’ என்றால் ‘அதை வாங்காதே’. உடன்பாட்டில் வினையின் வாலாக ஒட்டிக்கொண்ட சொல், எதிர்மறையில் முன்னால் ஓடிவிடுகிறது.

இவ்வளவையும் கற்றபின் மாட்ரிட் தெருவில், ஓர் ஆணைக் குறித்து ‘அவரைப் பார்த்தேன்’ என்பதை ‘லோ பீ’ என்னாமல் ‘லே பீ’ என்று மக்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்பாதீர்கள். ‘லே’ என்பது ‘அவருக்கு’ என்ற பொருளில் வர வேண்டிய சொல். ஸ்பானிய அரச மொழிக்கழகம் தன் இலக்கணத்தின் 1796ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆண்பாற் செயப்படுபொருளுக்கு ‘லே’ ஒன்றே சரி என்றுகூடத் தீர்ப்பளித்தது; பின்னர் அதை மாற்றிக்கொண்டு, இன்று ஆண் ஒருவரைக் குறிக்கும்போது மட்டும் ‘லே’யையும் ஏற்கிறது. கற்பவர்கள் ‘லோ’விலேயே நிற்பது நல்லது என்பது என் கருத்து. ஈக்வடாரின் மலைப்பகுதியிலும் பராகுவேயிலும், அந்தந்த மண்ணின் மொழிகளோடு நெடுங்காலம் உறவாடியதால், ‘லோ’வையே விட்டுவிட்டுப் பேசும் வழக்கமும் உண்டு. அதைக் கேட்டபோது நம் தக்காளி வாக்கியத்திற்குப் பங்காளிகள் கிடைத்தார்கள் என்று மகிழ்ந்தேன். ஆனால் நான் நின்றது மாட்ரிட் கடையில்.

அதே கடைக்கு மறுவாரமும் போனேன். கூடையில் தக்காளி இருந்தது. இம்முறை அவர் கேட்பதற்கு முன்பே, அங்கே வாடிக்கையாளர்கள் எல்லோரும் சொல்லும் ‘மே லோஸ் யேவோ’, அதாவது ‘இவற்றை எடுத்துக்கொள்கிறேன்’ என்ற வாக்கியத்தைச் சொன்னேன். அவர் எடைபோட்டபடியே, ‘அப்படியானால் கல்யாணம்?’ என்றார்.