புத்தகம் போகலாம், ஃபிளாப்பி போகக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் குறியாக்க மென்பொருள், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மென்பொருள், ஒரு போர்த்தளவாடம். பீரங்கியும் ஏவுகணையும் இருந்த அதே பட்டியலில் அதுவும் இருந்தது. நாட்டுக்கு வெளியே அனுப்ப வெளியுறவுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும்.

இந்தக் கூத்தை அம்பலமாக்கியவர் ஃபில் கார்ன் என்ற பொறியாளர். குறியாக்கம் பற்றி புரூஸ் ஷ்னையர் எழுதிய நூலை ஏற்றுமதி செய்யலாமா என்று 1994-ல் அரசிடம் கேட்டார். தாராளமாகச் செய்யலாம் என்று பதில் வந்தது. அந்த நூலில் அச்சாகியிருந்த அதே நிரல்களை ஃபிளாப்பியில் பதிந்து அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்டார். கூடாது, அது ஆயுதம்! வெளிநாடுகளில் தட்டச்சு தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்று நினைத்தார்கள் போலும். கார்ன் தொடுத்த வழக்கை மாவட்ட நீதிமன்றம் 1996-ல் தள்ளுபடி செய்துவிட்டது.

பெர்க்லியில் கணித ஆய்வு மாணவராக இருந்த டேனியல் பெர்ன்ஸ்டைன் வேறு வழியில் போனார். ‘ஸ்னஃபிள்’ என்று அவர் எழுதிய முறையிலேயே ஒரு குறும்பு உண்டு. எந்தத் தரவையும் குறுகிய அடையாளமாகச் சுருக்கித் தரும் கணக்குமுறைகளான ஹாஷ் சார்புகளை ஏற்றுமதி செய்யத் தடை இல்லை. அப்படி ஒரு சார்பை எடுத்து, குறியாக்கக் கருவியாக மாற்றிக் காட்டினார். அதை வெளியிடவும் உரிமம் வேண்டும் என்றதும், 1995-ல் வழக்குத் தொடுத்தார். நிரல் எழுதுவதும் பேச்சுதான், பேசுவதற்கு முன்பே அரசிடம் அனுமதி கேட்கச் சொல்வது பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்கு விரோதம் என்பது அவருடைய வாதம். இயந்திரத்தை இயக்குவது எப்படிப் பேச்சாகும் என்றது அரசு. ஜெர்மனையும் பிரெஞ்சையும் போலக் கணினி மொழியும் மொழியே என்று நீதிபதி மேரிலின் ஹால் படேல் 1996-ல் தீர்ப்பளித்தார்.

அதே ஆண்டில் அரசு இந்தக் கட்டுப்பாட்டை வர்த்தகத் துறைக்கு மாற்றியது. உரிமத் தொல்லை மட்டும் மாறவில்லை. 1999 மே மாதம் மேல்முறையீட்டிலும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பெர்ன்ஸ்டைன் வென்றார். அதே நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு மறுவிசாரணைக்கு ஒப்புக்கொண்டதும் அந்தத் தீர்ப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

நீதிமன்றங்கள்தான் தடையை உடைத்தன என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இந்த விதிகளால் அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டாருக்கு 40 பிட் சாவி (குறியாக்கத்தைத் திறக்கும் இரகசிய எண்; நீளம் குறைந்தால் உடைப்பது எளிது) கொண்ட பலவீனமான இணைய உலாவியைத்தான் விற்க முடிந்தது. அப்படிப்பட்ட ஒரு சாவியை 1995-ல் பிரான்ஸில் ஓர் ஆய்வாளர் எட்டே நாளில் உடைத்துக் காட்டினார். வியாபாரம் கெடுகிறது என்று நிறுவனங்கள் போட்ட கூச்சலும் அரசின் காதில் விழுந்தது. 2000 ஜனவரியில் விதிகள் தளர்ந்தன. பெர்ன்ஸ்டைன் வழக்கு 2003-ல் தள்ளுபடியானது. அவர் தோற்றதால் அல்ல, எஞ்சிய விதிகளை அவர்மீது பாய்ச்ச மாட்டோம் என்று அரசு சொன்னதால். இந்த வழக்குகளில் ஒன்றுகூட உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போகவில்லை.