துருப்பிடித்த பின்

(இராமநாதபுரத்தில் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் பேசியது. நடுநடுவே வந்த கேள்விகளையும் இரண்டு முறை கரண்ட் போனதையும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய காமிக்ஸ் வாங்கிய, விற்ற கதைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். வாங்கிய கதை என்றால் விடிய விடியச் சொல்லலாம். விற்ற கதைதான் தொண்டையில் நிற்கும். ஒரு புத்தகத்தை விற்றுவிட்டு அன்றிரவு நன்றாகத் தூங்கியவர் இங்கே யாராவது உண்டா? வியாபாரிகள் கை தூக்க வேண்டாம்.

முதலில் இந்தப் புத்தகத்தைப் பாருங்கள். கை மாற்றிக் கை மாற்றிப் பின்வரிசை வரை அனுப்புங்கள். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். எழுபதுகளில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் இது. நடுப்பக்கத்தைத் திறந்தால் இரண்டு பின் தெரியும். பின் என்றா சொன்னேன், பின் இருந்த இடம். கடலைப்பருப்பு அளவுக்கு வெற்றிலைக் காவி மாதிரி ஒரு கறை. கறைக்குள் இருப்பது தாளே இல்லை, பொரித்த அப்பளம். விரல் பட்டால் பொடி. அட்டை கீழ்ப்பின்னில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது.

மதுரையில் ஒரு நண்பரிடம் இதே புத்தகம் இருக்கிறது. ஒரே அச்சு, ஒரே தாள். அவருடையதில் பின் இன்னும் பளபளக்கிறது. வித்தியாசம் கடல்தான். எங்கள் பாம்பனில் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடித்தால் ஜன்னல் கம்பியை நக்கினாலே உப்புக் கரிக்கும். சைக்கிள் செயின் போகிறது, பூட்டு போகிறது, மெல்லிய கம்பியில் செய்த பின் எந்த மூலைக்கு? தாளும் லேசுப்பட்டதில்லை. மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கிச் செய்த மலிவான நியூஸ்பிரிண்ட். அதில் தங்கிவிட்ட லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், அமிலம் ஊறித் தாள் முறியும். பின்னிலிருந்து துரு, ஓரத்திலிருந்து பழுப்பு, நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது கதை.

ஆகவே புத்தகம் வீட்டுக்கு வந்த அன்றே நான் பின்னைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் பச்சை வலைநூல் கோத்துத் தைத்துவிடுவேன். வலை பின்னுகிற ஊரில் பிறந்தவனுக்கு அது ஒரு வேலையா? இப்போது சுற்றில் போவது, இந்த மாதிரிக் கூட்டங்களில் காட்டுவதற்காகத் தைக்காமல் விட்ட ஒன்று. சென்னைச் சேகரிப்பாளர்கள் என்னைத் திட்டுவார்கள். "ஒரிஜினல் பின் இல்லையா சார்? அப்போ பாதி விலைதான்." பாதி விலைக்குப் போனாலும் முழுப் புத்தகமாகப் போகுமே என்பது என் கட்சி.

பூச்சியையும் சொல்லிவிடுகிறேன். தாளைத் துளைக்கிற பூச்சிக்குத் தமிழில் இராமபாணம் என்று பெயர். இராமன் அணை கட்டிய கரையில் அதற்குத் தனிச் செல்வாக்கு இருக்கும்போல. அந்துருண்டை வாசனை எனக்கு ஆகாது. ஏட்டுச்சுவடிக்குப் பெரியவர்கள் வைத்த வசம்பையே துணியில் முடிந்து அலமாரியில் போடுகிறேன். கரையானுக்கு மட்டும் நான் இன்னும் வைத்தியம் கண்டுபிடிக்கவில்லை.

சரி, விலைக்கு வருவோம். 1938-இல் அமெரிக்காவில் 10 சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டிய இதழ், 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2025 நவம்பரில் அதையும் தூக்கிச் சாப்பிட்டது 1939-இல் வந்த சூப்பர்மேன் முதல் இதழ்: 91 லட்சத்து 20 ஆயிரம் டாலர். நம் பணத்தில் 80 கோடிக்கு மேல். அந்தப் பணத்துக்கு எத்தனை விசைப்படகு வாங்கலாம் என்று என் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

குறைவாக அச்சடித்ததால் இந்த விலை என்று நினைக்காதீர்கள். லட்சக்கணக்கில் அச்சடித்தார்கள். பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டே வீடு வீடாகப் பழைய தாள் சேகரித்துக் கூழாக்கினார்கள். அதற்கும் தப்பியதை அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்து தூக்கிப் போட்டார்கள். 80 கோடிக்குப் போன பிரதியைப் போடாமல் வைத்திருந்தவரும் ஓர் அம்மாதான். கலிஃபோர்னியாவில் அவர் இறந்த பிறகு, மூன்று மகன்கள் பரணை ஒழிக்கும்போது அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாளுக்கு அடியில் கிடைத்ததாம். அந்தப் பக்கத்துக் குளிர்ந்த காற்றும் கைகொடுத்திருக்கிறது. பாம்பன் பரணில் இருந்திருந்தால் இரண்டு துருக்கறைதான் மிஞ்சியிருக்கும்.

அங்கே இதற்கெல்லாம் தரம் போட்டு மதிப்பெண் கொடுக்கிற நிறுவனமே இருக்கிறது. மதிப்பெண் போட்டுக் கெட்டி பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பிறகு திறக்கக் கூடாது. திறந்தால் மதிப்பெண் போச்சு. புரட்ட முடியாத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குப் பிடிபடவில்லை. இளைஞர்கள் சிலர் நம் ஊரிலும் அதைக் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். கொண்டுவாருங்கள், என் அலமாரிக்கு வேண்டாம்.

நம் ஊரில் போருக்குப் பதில் பொட்டலம். வேர்க்கடலைப் பொட்டலம், சுண்டல் பொட்டலம். இராமேஸ்வரம் சந்தையில் கருவாடு மடித்துக் கொடுத்த தாளில், காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மாயாவி ஆயிற்றே, உடம்பு தெரியாது, கை மட்டும்தான் தெரியும். இருந்தாலும் கருவாட்டு எண்ணெயில் ஊறி அந்தக் கை கிடந்த கிடப்பு இருக்கிறதே! சிவகாசியில் அச்சாகி வந்ததில் எத்தனை கிலோ, கழிவுத்தாளாகச் சிவகாசிக்கே திரும்பிப்போய் வெடிக்குள் சுருண்டதோ, யார் கண்டது?

மாயாவியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். முல்லை தங்கராசன் ஆசிரியர். மின்சாரம் பாய்ந்தால் மாயமாகிவிடுவார் என்பதற்காகத் தமிழ்நாடு முழுக்கப் பையன்கள் பிளக் பாயின்ட்டில் விரலை விட்டார்கள். எங்கள் வீட்டில் அப்போது கரண்டே கிடையாது. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

மாயாவி சிவகாசிக்காரர் என்றே நான் நம்பியிருந்தேன். தலைமன்னார் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். கப்பல் இறங்கி வந்த ஒருவர் பயணத்தில் படித்துக் கிழிந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை எங்கள் டீக்கடை பெஞ்சில் விட்டுவிட்டுப் போனார். வாலியண்ட் என்று பெயர். எழுத்துக் கூட்டிக்கூட அப்போது எனக்கு இங்கிலீஷ் வராது. புரட்டினால் உள்ளே நம் மாயாவி! என்னவோ நம் வீட்டு ஆளை வெளியூரில் வேறு பெயரில் பார்த்தது மாதிரி இருந்தது. 1962-இல் லண்டனில் தொடங்கிய பத்திரிகை, அதில் இந்தக் கதைக்குப் படம் போட்டவர் ஹெஸுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. அந்தப் பத்திரிகையை நான் விற்கவில்லை. மழை ஒழுகிப் போய்விட்டது.

இந்தக் கரைக்குத் தாள் வந்து சேர்வதே பெரிய பாடு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காதபோது, செய்தித்தாள் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்து எறிவார்கள். அதைப் பிடித்துக் கொடுத்த சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். எங்கள் காலத்தில் யாரும் எறியவில்லை. ஆனால் கடைக்கு ஐந்து பிரதி வந்தால் அதில் இரண்டை ஏஜெண்ட் தன் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்வார். மிச்சம் மூன்றுக்குத்தான் எங்களுக்குள் அடிதடி.

இப்போது விற்ற கதை. 1989-இல் தங்கை கல்யாணம். பெரிய செலவெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டார். சின்னச் செலவு ஒன்று என் தலையில் விழுந்தது. 63 புத்தகத்தைச் சாக்கில் கட்டி இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு வாடகை நூல்நிலையத்தில் 400 ரூபாய் கொடுத்தார்கள். என் கண் முன்னாலேயே கடைப் பையன் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, அட்டையில், முதல் பக்கத்தில், கடைசிப் பக்கத்தில், டப் டப் என்று குத்த ஆரம்பித்தான். ஆறாவது புத்தகத்துக்கு மேல் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் பதினான்கு வருஷம் கழித்து மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடை. குவியலைக் கிளறுகிறேன். "காற்றில் கரைந்த கப்பல்கள்" கையில் மாட்டுகிறது. லாரன்ஸும் டேவிட்டும் வருகிற கதை. கடற்கரைப் பையன்களுக்கு அந்தத் தலைப்பே போதும், சோறு தண்ணீர் வேண்டாம். புரட்டினால் நடுவில் பச்சை நூல். என் தையல்! முடிச்சுகூட அப்படியே இருந்தது. ஏறக்குறைய ஆறு ரூபாய்க்கு நான் விற்றது. என்ன விலை என்றேன்.

"நூல் போட்டுத் தச்சிருக்கு சார், அதனால நூத்தம்பதுக்குத் தர்றேன். பின் இருந்தா முந்நூறு" என்றார் கடைக்காரர்.

என் தையலுக்கு எனக்கே தள்ளுபடி. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்றைக்கு மாயாவியும் லாரன்ஸும் மறுபதிப்பில் கிடைக்கிறார்கள். சிவகாசியிலிருந்து லயனும் முத்துவும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கதை வேண்டும் என்றால் புதிதாக, நல்ல தாளில் வாங்கிப் படிக்கலாம். ஆகவே பழைய பிரதிக்கு ஒருவர் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார் என்றால் கதைக்காகக் கொடுக்கவில்லை. எதற்காகக் கொடுக்கிறார் என்று அவரைக் கேட்டால், கோபித்துக்கொள்வார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகக் கீழக்கரைக் கதை. இதை மேடையில் சொல்வதா என்று யோசித்தேன். பரவாயில்லை.

2004-இல் ஒரு வீட்டில் பழைய பெட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வயதான அம்மா ஒருவர் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். "மவன் துபாயில இருக்கான் தம்பி. இதெல்லாம் சின்ன வயசுல அவன் சேத்தது. கரையான் ஏறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க. பேப்பர் கடையில கிலோவுக்கு என்ன குடுப்பானோ அதைக் குடுத்தாப் போதும்."

உள்ளே 44 புத்தகம். பெரும்பாலும் ராணி காமிக்ஸ், கொஞ்சம் லயன். அடியில், பழைய தலையணை உறைக்குள், லயன் காமிக்ஸின் முதல் இதழ்: 1984-இல் வந்த "கத்தி முனையில் மாடஸ்டி". மாடஸ்டி என்ற சாகசக்காரியின் கதை. புத்தம் புதுசு. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முகத்தை மட்டும் பழைய பேப்பர்காரன் முகமாக வைத்துக்கொண்டேன். நாலரைக் கிலோ, கிலோ 6 ரூபாய், ஆக 27 ரூபாய். நான் 50 கொடுத்தேன். என் பெரிய மனசை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன். மாடஸ்டியை 2009-இல் சென்னையில் ஒருவருக்கு 3,000 ரூபாய்க்கு விற்றேன்.

2011-இல் மகன் விடுமுறைக்கு வந்தவர் விசாரித்துக்கொண்டு பாம்பனுக்கே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். "இதெல்லாம் இப்போ நல்ல விலை போகுதாமே, அண்ணே?" என்றார்.

மறைக்க மனசு வரவில்லை. "ஒன்னை மூவாயிரத்துக்கு வித்தேன்" என்றேன்.

"எதை?"

"மாடஸ்டியை."

சிரித்துவிட்டார். "அந்த அட்டையப் பார்த்தா உம்மா அடிப்பாங்கன்னு தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வச்சது அண்ணே. ரெண்டு தடவைகூடப் படிச்சிருக்க மாட்டேன்." அது ஏன் புத்தம் புதுசாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான் ஒரு தொகையை நீட்டியபோது, டீயைக் குடித்து முடிக்கிறேன் என்று பேச்சை மாற்றிவிட்டார். மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு ராணி காமிக்ஸில் நின்றார். அட்டை கிழிந்தது, விலை போகாதது. முதல் பக்கத்தில் நீல மையில் அவர் பெயர், ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அதன் கீழே கட்டம் போட்டு: "இதை எடுத்தவன் கண் அவிந்து போகும்."

"இதைப் பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன். போன வருஷம்தான் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு."

"எந்தக் கண்ணு?"

"முதல்ல வலது. அடுத்த மாசம் இடது."

அந்த ஒன்றை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்கு நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். அப்புறம், சுற்றுக்கு விட்ட முத்து காமிக்ஸ் எந்த வரிசையில் நிற்கிறது? இன்னும் மேடைக்குத் திரும்பி வரவில்லை. அதன் முதல் பக்கத்தில் நானும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன், எதற்கும் வாசித்துவிடுங்கள்.