வௌவால் கத்துறது பெருசில்ல, கேக்குறதுதான் பெருசு

[திரை முழுக்க இருட்டு. பதிவு பண்ணின ஒலி முதல்ல நிஜ வேகத்துல: ஒண்ணுமே கேக்காது. அப்புறம் அதே பதிவு பத்து மடங்கு மெதுவா.]

இப்போ நீங்க கேட்டது ஒரு வௌவால் பூச்சி பிடிக்கிற சத்தம். பத்து மடங்கு மெதுவாக்கினதாலதான் நம்ம காதுக்கு எட்டுச்சு. முதல்ல நிஜ வேகத்துல போட்டப்போ ஒண்ணுமே கேக்கலைல்ல? அதுக்காக அதைச் சின்ன சத்தம்னு நினைச்சிடாதீங்க. வாய்க்குப் பத்து சென்டிமீட்டர் முன்னாடி வச்சு அளந்தா, பல வௌவால்களோட குரல் 110 டெசிபலைத் தாண்டும். சில இனங்கள் 130-க்கும் மேல போகும். ஆனா நம்ம காது 20 கிலோஹெர்ட்ஸோட, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வோட நின்னுடுது. பெரும்பாலான வௌவால்கள் கத்துறது 20-லேர்ந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், சிலது அதுக்கும் மேல. அதனாலதான் நாம ராத்திரி நிம்மதியா தூங்குறோம்.

எதிரொலியை வச்சு வழியையும் இரையையும் கண்டுபிடிக்கிற இந்த வித்தைக்குப் பேரு எக்கோலொகேஷன். அதைத் தேடிப் பாருங்க, எங்க போனாலும் ஒரே படம்தான் இருக்கும். வாயிலேர்ந்து அலை கிளம்பும், பூச்சி மேல படும், திரும்பி வரும், அவ்வளவுதான். படம் தப்பில்ல. ஆனா இதுல கஷ்டமான பாதியை அது சொல்லவே இல்ல. கத்துறது யாரும் கத்தலாம். கத்தி முடிச்ச கையோட, அதுல கோடியில ஒரு பங்குகூட இல்லாத ஒரு சத்தத்தைப் பிரிச்சுக் கேக்கணும். இந்த வீடியோ அந்தப் பாதியைப் பத்தித்தான்.

முதல்ல கொஞ்சம் கணக்கு. காத்துல ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஒரு பூச்சி 1 மீட்டர் தூரத்துல இருந்தா, ஒலி போயிட்டு வர 2 மீட்டர். அதுக்கு ஆகுறது கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட். 17 சென்டிமீட்டர்ல இருந்தா 1 மில்லிசெகண்ட். ஆக, தூரம்ங்கிறது வௌவாலுக்கு நேரம்தான். வௌவாலோட மூளையில ஒரு குறிப்பிட்ட இடைவெளியில எதிரொலி வந்தா மட்டும் கிளம்புற நரம்பு செல்களே இருக்கு. ஒரு செல்லுக்கு 3 மில்லிசெகண்ட், இன்னொண்ணுக்கு 8, இப்படி.

அவ்வளவு உச்ச சுருதியில ஏன் கத்தணும்? அலைநீளம்தான் காரணம். 500 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர். அது கொசுவைக் கண்டுக்காம சுத்திட்டுப் போயிடும். 50 கிலோஹெர்ட்ஸ்னா அலைநீளம் 7 மில்லிமீட்டர். இப்போ பூச்சி மேல பட்டு நல்லாத் திரும்பும். ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. உச்ச ஒலியைக் காத்து சீக்கிரம் குடிச்சிடும். அதுக்கு மேல, போகும்போதும் பரவும், வரும்போதும் பரவும். சின்னப் பூச்சி இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனா, எதிரொலி பாதியாகாது, பதினாறுல ஒரு பங்காகிடும். அதனாலதான் இவ்வளவு கத்தியும் சின்னப் பூச்சிகளைச் சில மீட்டருக்குள்ளதான் பிடிக்க முடியுது.

[திரை: பழைய ஓவியம். மணிக்கூண்டு, பறக்கும் வௌவால்கள்.]

இதைக் கண்டுபிடிச்ச கதையிலயும் காதுதான் முதல்ல வருது. 1793-ல இத்தாலியில லாசரோ ஸ்பல்லன்சானிங்கிற விஞ்ஞானி வௌவால்களோட பார்வையை எடுத்துட்டுப் பறக்க விட்டார். கொடூரமான சோதனை, இன்னைக்கு யாரும் அனுமதிக்க மாட்டாங்க. ஆனா அதுங்க எதுலயும் முட்டாம பறந்துச்சு. வெளிய விட்டுத் திரும்பப் பிடிச்சுப் பார்த்தா, வயிறு நிறைய பூச்சி! அடுத்த வருஷம் ஜெனீவாவுல லூயி ஜூரீன் காதை அடைச்சு விட்டார். இப்போ எல்லாத்துலயும் முட்டுச்சு. ஸ்பல்லன்சானியும் அதையே செஞ்சு பார்த்து ஒத்துக்கிட்டார். ஆனா சத்தமே போடாத ஒரு மிருகம் காதால எப்படி வழி கண்டுபிடிக்கும்னு யாருக்கும் புரியல. பெரிய பேர் இருந்த பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் கூவியே, இது தொடு உணர்ச்சியா இருக்கும்னு சொன்னார். அதோட விஷயம் நூறு வருஷத்துக்கும் மேல கிடப்புல போயிடுச்சு.

1938-ல ஹார்வர்டு மாணவர் டொனால்டு கிரிஃபின், இயற்பியல் பேராசிரியர் ஜி. டபிள்யூ. பியர்ஸ் கிட்ட ஒரு கூண்டு நிறைய வௌவால்களைக் கொண்டு போனார். மீயொலியை நாம கேக்குற ஒலியா மாத்துற கருவி பியர்ஸ்கிட்ட இருந்துச்சு. அமைதியான மிருகம்னு எல்லாரும் நினைச்சது ஓயாம கத்திட்டு இருந்துச்சு. அப்புறம் கிரிஃபினும் ராபர்ட் கலாம்போஸும் மெல்லிய கம்பிகளை வரிசையாத் தொங்கவிட்டுச் சோதிச்சாங்க. காதை அடைச்சாலும் முட்டும், வாயைக் கட்டினாலும் முட்டும். விடை கிடைச்சாச்சு.

ஒரு சின்ன விஷயம், எப்பவும் கமென்ட்ல வர்றது. வௌவாலுக்குக் கண்ணு நல்லாவே தெரியும். பெரிய பழந்தின்னி வௌவால்கள் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் வாழுது. குரல்வளையால கத்தி எதிரொலி கேக்குற இந்த வித்தை அதுங்ககிட்ட கிடையாது.

சரி, வேட்டைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

[திரை: கீழே நேரக்கோடு. ஒவ்வொரு கத்தலும் ஒரு கோடு. கோடுகள் போகப் போக நெருங்கும்.]

தேடிட்டு இருக்கும்போது நொடிக்குப் பத்து தடவை மாதிரி கத்தும். ஒவ்வொரு கத்தலும் சில மில்லிசெகண்ட். பெரும்பாலும் சிறகடிக்கிற தாளத்தோட சேர்ந்தே வரும், மூச்சு விடுற நேரத்துல. ஒரு எதிரொலி வித்தியாசமா வந்துடுச்சுன்னா தலை திரும்பும், கத்தல் வேகம் பிடிக்கும்.

இங்கதான் சிக்கல். 5 மில்லிசெகண்ட் நீளக் கத்தல்னு வச்சுக்குவோம். பூச்சி 85 சென்டிமீட்டருக்குள்ள வந்துட்டா, கத்தி முடிக்கிறதுக்குள்ள எதிரொலி திரும்பிடும். தன்னோட கூச்சல்லயே பதில் முங்கிடும். அதனால பூச்சி நெருங்க நெருங்க வௌவால் கத்தலைச் சுருக்கிக்கிட்டே போகும். கடைசியில ஒவ்வொண்ணும் 1 மில்லிசெகண்டுக்கும் கீழ. அதே நேரத்துல எண்ணிக்கை நொடிக்கு 160, 180-ன்னு ஏறும். மெதுவாக்கின பதிவோட கடைசியில ‘டர்ர்ர்’னு கேட்டுச்சே, அது இதுதான். சாதாரணத் தசையால இந்த வேகத்துக்கு ஆட முடியாது. வௌவாலோட குரல்வளைத் தசை நொடிக்கு 200 தடவை வரை சுருங்கி விரியும்னு 2011-ல காட்டினாங்க. அந்த ‘டர்ர்’ முடியும்போது வால் சவ்வை மடக்கிப் பூச்சியை வாரிக்கும், அல்லது சிறகால வாய்க்குத் தள்ளும். பூச்சியைக் கண்டதுலேர்ந்து இது வரைக்கும் பெரும்பாலும் ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

இவ்வளவு கத்தினா சொந்தக் காதே செவிடாகாதா? பல இனங்கள்ல கத்துறதுக்குச் சற்று முன்னாடி நடுச்செவியில ஒரு சின்னத் தசை இறுகி, சத்தம் உள்ள போறதைக் குறைக்கும். கத்தி முடிஞ்சதும் தளர்ந்துடும், எதிரொலிக்குக் காது முழுசாத் திறந்திருக்கும்.

குதிரைலாட வௌவால்களோட வழி வேற. பெரிய குதிரைலாட வௌவால் மூக்கு வழியா கத்தும், சுமார் 83 கிலோஹெர்ட்ஸ்ல, ஒரே சுருதியில. அதோட உள்செவியில ரொம்பப் பெரிய இடம் அந்த 83-ஐ ஒட்டின குறுகிய பட்டைக்கே ஒதுக்கியிருக்கு. மத்த சுருதியெல்லாம் சுமாராத்தான் கேக்கும். பிரச்சினை என்னன்னா, வௌவால் பறந்துட்டே கத்துது. ஆம்புலன்ஸ் நம்மளை நோக்கி வரும்போது சைரன் உச்சமாக் கேக்குமே, அதே டாப்ளர் விளைவு இங்கயும் உண்டு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல முன்னாடி போனா எதிரொலி சுமார் 2.4 கிலோஹெர்ட்ஸ் ஏறி வரும், அந்தக் கூர்மையான பட்டையை விட்டே வெளிய போயிடும். வௌவால் என்ன செய்யுது தெரியுமா? தன் குரலை அந்த அளவுக்கு இறக்கிக் கத்துது, எதிரொலி சரியா அந்த இடத்துலயே வந்து விழுற மாதிரி! 1968-ல ஹான்ஸ்-உல்ரிச் ஷ்னிட்ஸ்லர் இதை வெளியிட்டார். காதுக்காகக் குரலை வளைக்கிற மிருகம். பலன்? இலைகளுக்கு நடுவுல ஒரு பூச்சி சிறகை அடிச்சா, எதிரொலியில அந்தச் சிறகடிப்பு தாளமாத் தெரியும். இலை அப்படி அடிக்காது.

பூச்சிகளும் சும்மா இல்ல. பல அந்துப்பூச்சிகளுக்குக் காது இருக்கு. ஒரு பெரிய குடும்பத்துல காதுக்கு இரண்டே இரண்டு கேட்கும் செல்கள்தான். அது போதும். ஏன்னா வௌவாலுக்கு ஒலி போயிட்டு வரணும், அந்துப்பூச்சிக்கு ஒரு வழிப் பயணம்தான். வௌவால் கண்டுபிடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே இது கேட்டுட்டு விலகிடும். ரொம்பக் கிட்ட வந்துட்டா சிறகை மடக்கிப் பொத்துன்னு விழும். ‘பெர்தோல்டியா டிரைகோனா’ன்னு ஒரு புலி அந்துப்பூச்சி இன்னும் ஒரு படி மேல. வௌவால் நெருங்கும்போது அதுவே படபடன்னு கிளிக் அடிச்சு எதிரொலியைக் குழப்பிவிடும். 2009-ல சோதிச்சு உறுதிப்படுத்தினாங்க. பதிலுக்கு ஐரோப்பாவுல பார்பஸ்டெல் வௌவால் கிசுகிசுத்துக் கத்தக் கத்துக்கிச்சு. தூரம் குறையும்தான், ஆனா இரைக்குக் கேக்காம பக்கத்துல போயிடலாம்.

ஒரு செடிகூட இதுல சேர்ந்திருக்கு. கியூபாவுல மார்க்கிராவியா இவீனியான்னு ஒரு கொடி, பூவுக்கு மேல கிண்ணம் மாதிரி குழிஞ்ச இலையை நிறுத்தி வச்சிருக்கு. எந்தப் பக்கத்துலேர்ந்து கத்தினாலும் அது பலமான எதிரொலியை அனுப்பும். தேன் குடிக்கிற வௌவால்கள் அந்த இலை இருந்தா பாதி நேரத்துல உணவைக் கண்டுபிடிச்சதுன்னு 2011-ல வந்த ஆய்வு சொல்லுது. இலையை அப்படி வளைச்சதுல ஒளிச்சேர்க்கைக்கு நஷ்டம்தான். செடி கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கு போல.

[திரை: நீலம் கருநீலமாகி, கறுப்பாகும்.]

இதே வித்தை கடல்லயும் உண்டு. தண்ணிக்குள்ள ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர், காத்தைவிட நாலு மடங்குக்கும் மேல. உறிஞ்சப்படுறதும் குறைவு. டால்பின் குரல்வளையால கத்துறதில்ல. தலை மேல இருக்கிற மூச்சுத் துளைக்குக் கீழ உதடு மாதிரி மடிப்புகள் இருக்கு, அதுல காத்தைத் தள்ளி கிளிக் எழுப்பும். நெத்தியில இருக்கிற கொழுப்புக் கட்டி அதைக் குவிச்சு முன்னாடி அனுப்பும். கேக்குறது? கீழ்த்தாடை வழியா. தாடையில இருக்கிற கொழுப்பு ஒலியை உள்செவிக்குக் கொண்டு போகும். 1960 வாக்குல கென்னத் நோரிஸ், டால்பின் கண்ணுக்கு ஒட்டும் மூடி போட்டு விட்டார். அது தடங்கலே இல்லாம தடைகளுக்கு நடுவுல நீந்திச்சு. பிறகு நடந்த சோதனைகள்ல, 7.6 சென்டிமீட்டர் உருண்டையை 113 மீட்டர்லேர்ந்தே கண்டுபிடிச்சுது. எல்லாத் திமிங்கலத்துக்கும் இது கிடையாது, பல்லுள்ள வகைக்கு மட்டும்தான்.

அதுல பெருசு ஸ்பெர்ம் திமிங்கலம். 1000 மீட்டருக்குக் கீழ சூரிய ஒளியே போகாது, அங்க கணவாய் தேடிப் போகும். உயிரினங்கள் எழுப்புற ஒலிகள்லயே பலமானது இதோட கிளிக்தான். தண்ணி டெசிபலும் காத்து டெசிபலும் வேற வேற அளவுகோல், அதனால இரண்டையும் நேரா ஒப்பிடுற வீடியோக்களை நம்பாதீங்க. சுவாரசியம் என்னன்னா, இரையை நெருங்கும்போது இதுவும் கிளிக்குகளைச் சுருக்கமா, நெருக்கமா அடுக்கும். சில கிராம் எடையுள்ள வௌவாலும் பல டன் திமிங்கலமும் தனித்தனியா வந்து சேர்ந்த வழி அது. உள்செவியில வேலை செய்யுற ‘பிரெஸ்டின்’ங்கிற புரதம்கூட வௌவாலுக்கும் டால்பினுக்கும் ஒரே திசையில மாறியிருக்குன்னு 2010-ல காட்டினாங்க.

கடைசியா நாம. டேனியல் கிஷ் குழந்தையாவே கண்ணிழந்தவர். நாக்கால ‘டக்’னு அடிச்சு எதிரொலி கேட்டே நடப்பார், சைக்கிளும் ஓட்டுவார். இப்படிப் பழகினவங்க எதிரொலியைக் கேக்கும்போது மூளையோட பார்வைப் பகுதி இயங்குறதை 2011-ல ஸ்கேன்ல பார்த்தாங்க. இது பிறவி வரமும் இல்ல. 2021-ல வெளியான ஆய்வுல, பார்வை இல்லாதவங்களும் பார்வை உள்ளவங்களும் 10 வாரப் பயிற்சியில இதைக் கத்துக்கிட்டாங்க. நம்ம நாக்கு ஒலி சில கிலோஹெர்ட்ஸ்தான், அலைநீளம் பத்து சென்டிமீட்டர் மாதிரி. சுவர், கதவு, கம்பம் தெரியும். கொசு தெரியாது.

இப்பவே ஒண்ணு செஞ்சு பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு ‘ஸ்ஸ்ஸ்’னு நிறுத்தாம சொல்லுங்க. ஒரு புத்தகத்தை முகத்துக்கு ஒரு கை தூரத்துலேர்ந்து மெதுவாக் கிட்ட கொண்டு வாங்க. எந்த இடத்துல ஒலி மாறுதுன்னு கமென்ட்ல எழுதுங்க.