சிப்பைக் கழற்றியும் சரியாகாத வண்டி: கேப்பர் மலை ஏற்றத்தில் ஒரு பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. பின்னால் லாரி சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டி, விருத்தாசலம் ரோட்டில் கேப்பர் மலை ஏறும் இடத்தில் ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் மலை என்றதும் கொல்லிமலை அளவுக்கு நினைத்துவிட வேண்டாம். செம்மண் மேடு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வண்டியின் இழுவையைப் பார்க்க இதை விட்டால் வேறு ஏற்றம் கிடையாது. மற்றதெல்லாம் தட்டைத் தரை.

மூன்று மாதத்துக்கு முன்னால் என் காரின் இழுவையைக் கூட்ட ஒரு சிப் மாட்டி வீடியோ போட்டேன் இல்லையா? "பறக்குது, பறக்குது" என்று துள்ளிய அதே ஆள்தான் போன வாரம் இதே இடத்தில் பார்க்கிங் லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். மூன்றாவது கியர், பாதி ஏற்றம், திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. மஞ்சள் கலரில் செக் எஞ்சின் லைட். அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் 2500 ஆர்.பி.எம்மை (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) தாண்டவே மாட்டேன் என்கிறது. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனில் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு லிம்ப் மோட் என்று பேர். ஏதோ தப்பு என்று தெரிந்ததும் எஞ்சின் கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிட்டு, "மெதுவாக வீடு போய்ச் சேர்" என்று சொல்கிறது. சாவியை அணைத்துப் போட்டால் பல நேரம் சரியாகிவிடும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி வரும். என் வண்டியும் அப்படித்தான் ஆடியது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக: இது 2013 ஸ்விஃப்ட் டீசல். 1248 சிசி, 75 குதிரை சக்தி. ஃபியட் வடிவமைத்த எஞ்சின், டிசையர், விஸ்டா, புன்டோ என்று ஊரில் பாதி வண்டியில் இதுதான் ஓடியது. அதனால் நான் சொல்வது நிறையப் பேருக்குப் பொருந்தும்.

சரி, முதல் குற்றவாளியாக எல்லோரும் காட்டியது யாரை? பாண்டி டீசலை! கடலூர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். புதுச்சேரியில் வரி குறைவு, விலை குறைவு. முள்ளோடை வரைக்கும் போனால் டேங்க்கை நிரப்பாமல் யாரும் திரும்ப மாட்டோம். வண்டியில் எது கெட்டாலும், வைப்பர் பிய்ந்தால்கூட, "பாண்டியில டீசல் போட்டியா?" என்பதுதான் எங்கள் ஊரின் முதல் கேள்வி. சும்மா சொல்லக் கூடாது, நானும் அதையே நினைத்தேன். டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படிந்துவிடும். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. தெளிந்த தேன் மாதிரி இருக்கிறது. அந்த பங்க்கை மனசுக்குள் திட்டியதற்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டேன்.

அடுத்தது சிப். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சிப் என்று நாம் சொல்கிறோமே தவிர, என் வண்டியில் இருப்பது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா. எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருளை அது தொடவில்லை. எல்லா இன்ஜெக்டருக்கும் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் ஊசிகள்) பொதுவாக டீசலைத் தேக்கி வைக்கும் குழாய்தான் காமன் ரெயில். அதில் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்று சொல்ல ஒரு சென்சார் உண்டு. அந்த சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இந்த டப்பா தரகர் மாதிரி உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறது. வேலை அவ்வளவுதான்.

என்ன பொய்? கம்ப்யூட்டருக்கு 1200 பார் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டயரில் இருக்கும் காற்று சுமார் 2 பார், அதை வைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சென்சார் 1200 என்கிறது. டப்பா அதில் பத்து சதவீதத்தை அமுக்கிக்கொண்டு 1080 என்று மேலே சொல்கிறது. "போதவில்லையே" என்று கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் கூட்டுகிறது. டப்பா 1200 என்று சொல்லும்போது குழாயில் உண்மையில் 1333 பார் ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜெக்டர் திறக்கும் நேரம் அதேதான், ஆனால் உள்ளே போகும் டீசல் அதிகம். அதைத்தான் நாம் "பறக்குது" என்கிறோம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாலும் அது காட்டுவது கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும் கணக்கைத்தான். சிப் மாட்டியபடியே ரெயில் அழுத்தத்தைப் பார்த்து "நார்மலாத்தான் இருக்கு" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் நம்பாதீர்கள். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு வந்ததே பொய்க் கணக்கு. அதனால் சிப் உள்ள வண்டியில் எதைப் பார்ப்பதற்கு முன்னாலும் சிப்பைக் கழற்றி, வண்டியின் பழைய கப்ளரை (ஒயர் முனையில் இருக்கும் செருகி) நேராக சென்சாரில் மாட்டிவிட வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கழற்றினேன். கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த பழுது நம்பரை, அதாவது எரர் கோடை, அழித்தேன். ஏற்றத்துக்கு வந்தேன். மறுபடி அதே வெட்டு, அதே லைட்! "பார்த்தீர்களா, சிப் நல்லவன், வண்டிதான் பழசு" என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டால், "பம்ப்பா இருக்கும் தம்பி, இறக்கித்தான் பார்க்கணும்" என்றார். டீசலுக்கு அழுத்தம் கொடுக்கும் பம்ப் என்றால் ஐந்து இலக்கத்தில் செலவு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள்தான் என் ப்ளூடூத் ஸ்கேனரில் கோடை ஒழுங்காகப் படித்தேன். பி 0193. பம்ப் சோர்ந்துபோய் அழுத்தம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வருவது பி 0087. 0193 என்பது வேறு ஜாதி: ரெயில் சென்சாரின் சிக்னல் இருக்க வேண்டியதை விட மேலே போய்விட்டது என்று அர்த்தம். அதாவது புகார் டீசலைப் பற்றி இல்லை, ஒயரைப் பற்றி. இந்த ஒரு நம்பரைப் படித்திருந்தால் பம்ப் பயமே வந்திருக்காது. கோடை அழிக்க அவசரப்படாதீர்கள், முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். நான் இரண்டு முறை படிக்காமலே அழித்தவன்.

இப்போது பானெட்டைத் திறக்கிறேன், கேமரா கொஞ்சம் ஆடும். இதோ, இந்தத் தடித்த இரும்புக் குழாய்தான் ரெயில். ஓரத்தில் இருப்பது சென்சார், அதில் மாட்டியிருப்பது மூன்று ஒயர் கப்ளர். ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சாவி ஆன், எஞ்சின் ஆஃப் என்றால் சிக்னல் அரை வோல்ட் பக்கத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அழுத்தம் ஏற ஏற அதுவும் நாலரை வரைக்கும் ஏறும்.

ஒரு எச்சரிக்கை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் வண்டிகளில் பைப் நட்டைத் தளர்த்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள். அந்தப் பழக்கத்தில் இந்த இரும்புக் குழாய்களில் கை வைக்கவே வைக்காதீர்கள். ஓடும் எஞ்சினில் இங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். "ஒன்றுமில்லை" என்று விட்டால் விரலே போய்விடும். நான் தொடுவது ஒயரை மட்டும்தான்.

கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பச்சையாகக் களிம்பு. வீடு தேவனாம்பட்டினம் பக்கம், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது, கேட் தாழ்ப்பாளே வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். "பிடித்துவிட்டேன்" என்று கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து மாட்டினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி.

அன்றைக்குத்தான் உருப்படியான ஒரு வேலை செய்தேன். இரண்டு குண்டூசி எடுத்தேன். கப்ளரின் பின்பக்கம், ஒயர் உள்ளே நுழையும் ரப்பர் ஓரமாக, ஒன்றை சிக்னல் ஒயரிலும் ஒன்றை எர்த்திலும் மெதுவாக நுழைத்து, ஒன்றோடு ஒன்று உரசாமல் பார்த்துக்கொண்டு மல்டிமீட்டரை மாட்டினேன். சாவி ஆன். 0.51. அசையாமல் நிற்கிறது. அப்புறம் ஒரு விரலால் ஒயரை லேசாக ஆட்டினேன். 0.51... 0.51... 4.90! விட்டேன், 0.51. இடது பக்கம் ஆட்டினால் ஒன்றுமில்லை, கீழே இழுத்தால் உடனே 4.90. அந்த நம்பர் குதிப்பதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சிப் மாட்டியபோதுகூட வரவில்லை.

சிக்னல் ஒயர் அறுந்துபோன மாதிரி ஆனால் என் வண்டியில் கம்ப்யூட்டர் பக்கம் 5 வோல்ட்டை ஒட்டி ஏறிவிடுகிறது. அதைத்தான் அது 0193 என்று எழுதி வைத்திருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் குலுங்கும், ஒயர் கீழே இழுபடும், சிக்னல் போய்விடும். தட்டைத் தரையில் ஏன் வரவில்லை என்பதும் புரிந்துவிட்டது.

உள்ளே என்ன என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கப்ளருக்குள் இருக்கும் பெண் பின்கள் (சென்சாரின் பின் நுழையும் துளைகள்) மூன்றில் இரண்டு இறுக்கமாக இருக்கின்றன. சிக்னல் பின் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றை அதில் விட்டுப் பார்த்தேன். மற்ற இரண்டும் பிடித்துக்கொண்டன. இது மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது.

யார் பிளந்தது தெரியுமா? நான்தான். சிப் மாட்டிய வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள். "வோல்ட் வருதான்னு பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டு, மல்டிமீட்டரின் தடித்த முனையை முன்பக்கமாக அந்தப் பின்னுக்குள் அமுக்கியிருப்பேன். பெரிய எஞ்சினியர் மாதிரி பேச்சு வேறு. சிப்பின் ஒயரில் மாட்டியிருந்த மூன்று மாதமும் அந்தத் தளர்ந்த பின் எப்படியோ தாக்குப்பிடித்தது, கடைசியில் விட்டுவிட்டது. சிப்பைக் கழற்றினாலும் பின் அதே பின்தானே! அதனால்தான் சரியாகவில்லை.

இருபது ரூபாய் பின். எலக்ட்ரீஷியன் கடையில் பழைய பின்னைப் பிடுங்கிப் புதிதாக அழுத்திப் போட்டுத் தந்தார், கூலியோடு 250 ரூபாய். அதற்கப்புறம் செக் எஞ்சின் லைட் வரவே இல்லை.

ஆனால் இழுவை முழுசாகத் திரும்பவில்லை. மிதித்தால் கறுப்புப் புகை, பானெட்டுக்குள் "உஸ்" என்று ஒரு சத்தம். சிப்பால் டீசல் கூடினால் புகைப்போக்கியில் வேகமும் சூடும் கூடும், அந்தப் புகையால் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இன்னும் பலமாக ஊதும். பத்து வருட ரப்பர் அதைத் தாங்குமா? டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் ஹோஸின் கிளிப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றி வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் நகம் அளவு கீறல். கையில் வைத்திருக்கும்போது மூடிக்கொள்கிறது, காற்று ஊதினால் மட்டும் வாய் திறக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழியே வராது. நானும் தெளித்து ஏமாந்தேன். புது ஹோஸ் நேற்றுதான் மாட்டினேன்.

இழுவை குறைந்தால் கிளட்ச் மேலும் சந்தேகம் வரும், அதையும் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. நான்காவது கியரில் முழுசாக மிதிக்கும்போது ஆர்.பி.எம் மட்டும் எகிறி வண்டி சும்மா இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். என்னுடையதில் இல்லை.

சிப்பை மறுபடி மாட்டுவாயா என்று கேட்பீர்கள். இப்போதைக்கு டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கிறது. மாட்டினாலும் குறைந்த செட்டிங்கில்தான், அதுவும் ஒரு மாதம் இப்படியே ஓட்டிய பிறகு. வாரண்டி இருக்கிற வண்டிக்காரர்கள் தொடவே வேண்டாம், கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் மாட்டுவதும் வம்புதான்.

சரி, ரோடு கொஞ்சம் காலியாக இருக்கிறது. ஸ்கேனரை இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன், நம்பர் உங்களுக்கும் தெரியட்டும். மூன்றாவது கியர்... 2000... 2500... 3000, தாண்டிவிட்டது. கண்ணாடியில் புகை இல்லை. "உஸ்" சத்தமும் இல்லை. மேலே போய்த் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு முறை ஏற்றிப் பார்க்கிறேன்.