44-இலிருந்து 6 வரை: கார்ன்வாலின் நாடாளுமன்ற இடங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் வரைபடம் இப்போது உங்கள் கையில் இருக்காது. பரவாயில்லை, தேவையும் இல்லை. தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிற நிலம் ஒன்று. மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் ஏறக்குறைய முழுக்க டேமர் என்கிற ஆறு. அதுதான் கார்ன்வால் கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெவன். இந்த ஆற்றை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது நாடாளுமன்றத்தின் கீழவையில் ஸ்காட்லாந்து முழுவதற்கும் கிடைத்த உறுப்பினர்கள் 45 பேர். அதே அவையில் கார்ன்வால் என்ற ஒரே கவுண்டிக்கு 44 பேர்! மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் ஒருவர்கூட இல்லை.

கணக்கு எளிது. கவுண்டிக்கு 2 பேர். அது போக, பரோ என்று சொல்லப்படும் நகரத் தொகுதிகள் 21, ஒவ்வொன்றுக்கும் 2 பேர். இந்த 21-இல் பழையவை ஆறுதான். மீதிப் பதினைந்தும் பதினாறாம் நூற்றாண்டில், ஆறாம் எட்வர்டு காலம் முதல் முதலாம் எலிசபெத் காலம் வரை சேர்ந்தவை. தங்கள் ஆட்களை அவைக்குள் கொண்டுவர அரசவைக்கு வழி வேண்டியிருந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஓர் ஆற்றின் இரு கரையில் கிழக்கு லூ, மேற்கு லூ என்று இரண்டு ஊர்கள். ஆளுக்கு இரண்டாக நான்கு உறுப்பினர்கள் அங்கிருந்து மட்டும்.

ஓட்டு யாருக்கு? கவுண்டித் தொகுதியில், 1430-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். பரோக்களில் ஊருக்கு ஒரு விதி. ஆனால் எங்கும் ஒன்று பொது: வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டு. ரகசிய வாக்குச்சீட்டு 1872-இல்தான் வந்தது. பணம் கொடுத்தவர் பக்கத்திலேயே நின்று, வாங்கியவர் சொன்னபடி போட்டாரா என்று காதால் கேட்டுக்கொள்ளலாம். ஊழல் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் நம்ம ஊர்ப் பணமும் விளையாடியிருக்கிறது. கேமல்ஃபோர்ட் என்று ஒரு சின்னப் பரோ. 1780 முதல் 1796 வரை அதன் உறுப்பினர் ஜேம்ஸ் மக்பர்சன் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர். அவர் வேறு யாருக்கு வேலை பார்த்தார் தெரியுமா? சேப்பாக்கத்து அரண்மனையில் இருந்த ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்கு, லண்டன் முகவராக. நவாப் கம்பெனி அதிகாரிகளிடம் வட்டிக்கு வாங்கிக் குவித்த கடன் ஊரறிந்தது. கடன் கொடுத்தவர்களில் பெரிய புள்ளி பால் பென்ஃபீல்டு. தஞ்சாவூர் விளைச்சலின் மீதே உரிமை கோரியவர் அவர். கடன் கொடுத்தவர்களும் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள், கடன் வாங்கியவரின் ஆளும் போனார். பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உண்டாக்கினார் என்று 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அவையிலேயே குற்றம் சாட்டினார். எட்டுப் பேரும் கார்ன்வாலில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பென்ஃபீல்டின் சொந்தத் தொகுதி வில்ட்ஷயரில். ஆனால் விலைக்குக் கிடைக்கும் தொகுதி அதிகம் இருந்த கவுண்டி எது என்றால், கார்ன்வால்தான்.

முதல் வெட்டு கிராம்பவுண்ட் என்ற ஊருக்கு. அங்கேயும் டெவனில் பார்ன்ஸ்டபிளிலும் ஓட்டுக்குக் காசு கொடுத்ததற்காக மனாசே லோப்பஸ் என்ற செல்வந்தருக்கு 1819-இல் 2 ஆண்டு சிறை, 10,000 பவுண்டு அபராதம். 1821-இல் சட்டம் போட்டு அந்த ஊரின் இரண்டு இடங்களையும் பறித்தார்கள். லீட்ஸ் நகரத்துக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு இருந்தது, பிரபுக்கள் சபை அதை யார்க்ஷயர் கவுண்டிக்கு மாற்றிவிட்டது. எடுப்பது ஒரு சண்டை என்றால், எடுத்ததை யாருக்குக் கொடுப்பது என்பது அதைவிடப் பெரிய சண்டை. இதை மறுபடியும் சொல்கிறேன், தொகுதி வரலாறு நெடுக இதுதான்.

1832 சீர்திருத்தச் சட்டத்தில் 42 ஒரேயடியாக 14 ஆனது. கவுண்டி, கிழக்கு மேற்கு என்று இரண்டாகி, ஒவ்வொன்றுக்கும் 2. மிஞ்சிய பரோக்கள் ஏழு. பென்ரின் லஞ்சத்துக்குப் பேர் போன ஊர், பக்கத்துத் துறைமுகமான ஃபால்மத்தைச் சேர்த்துக்கொண்டு பிழைத்தது. 1868-இல் பாட்மின் ஓர் இடத்தை இழந்து 13. 1885-இல் 7, எல்லாமே ஒற்றை உறுப்பினர் தொகுதிகள். 1918-இல் 5. கடைசிக் குறைவுக்குச் சுரங்கமும் ஒரு காரணம். 1866-இல் தாமிர விலை விழுந்தது, பிழைப்புத் தேடிச் சுரங்கத் தொழிலாளர்கள் கடல் கடந்தார்கள். 1861-இல் 3,69,000 பேர் இருந்த கவுண்டியில் 1901-இல் 3,22,000 பேர்தான். பிறகு மக்கள் தொகை ஏறி, 2010-இல் 6 ஆனது.

இப்போது அந்த டேமர் ஆற்றுக்கு வருகிறேன். 2011-இல் ஒரு சட்டம்: நாடாளுமன்றத்தின் மொத்த இடங்கள் 650-இலிருந்து 600, தொகுதிக்கு 76,641 வாக்காளர்கள், 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 72,810-லிருந்து 80,473 வரை. பெருக்கிப் பாருங்கள். 5 தொகுதி என்றால் அதிகபட்சம் 4,02,365 பேர். 6 என்றால் குறைந்தபட்சம் 4,36,860 பேர். கார்ன்வாலில் இருந்தது ஏறக்குறைய 4,20,000. ஐந்துக்கு அதிகம், ஆறுக்குக் குறைவு! சதவீதத்தை இறுக்கினால் எங்கேயாவது இப்படி இடுக்கில் மாட்டும். ஒரு தொகுதியாவது டேமரைத் தாண்டி டெவனுக்குள் போயாக வேண்டும் என்றார்கள். மக்கள் அதை டெவன்வால் என்று கிண்டலடித்துத் தெருவில் இறங்கினார்கள். 2013-இல் அந்த மறுவரையறை தள்ளிப்போனது. 2018-இல் மீண்டும் ஒரு திட்டம் வந்தது, நடைமுறைக்கு வரவில்லை. டெவன் ஊர்களோடு கலந்தால் தங்களுக்கென்று பேச ஒரு உறுப்பினர் இருப்பாரா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து.

எல்லையே ஆற்றோடு ஒட்டி நிற்கவில்லை, டேமருக்கு மேற்கே இருந்தும் டெவனைச் சேர்ந்த ஊர்கள் 1966 வரை உண்டு என்ற கதையையும் சொல்ல நினைத்திருந்தேன். கடிகாரம் விடவில்லை. 2020-இல் மீண்டும் 650 இடம் என்று சட்டம் வந்தது. தொகுதிக்கு 73,393 வாக்காளர்கள், அதே 5 சதவீதம் கூடலாம், குறையலாம். ஆறு தொகுதிக்குக் குறைந்தது 4,18,344 பேர் போதும். கார்ன்வால் அதற்குள் அடங்கிவிட்டது. செயின்ட் ஐவ்ஸ் தொகுதியோடு சில்லித் தீவுகளும் சேர்த்தி. 2024 தேர்தல் அந்த ஆறு தொகுதிகளிலும் நடந்தது: தொழிற்கட்சிக்கு 4, லிபரல் டெமாக்ரட்டுக்கு 2. டேமரை எந்தத் தொகுதியும் தாண்டவில்லை. வணக்கம்.